கடலூர் சாருக்குப் பூங்காவைச் சுற்றிக் காட்டிய கதை

பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் கேசரியும் பஜ்ஜியும் கொடுப்பது ஊர் வழக்கம். நான், என்னைப் பெண் பார்க்க வந்த பெரியவரைக் கண்ணைக் கட்டிச் சறுக்குமரத்தில் ஏற்றினேன். அதற்கு முன்பு சக்கர நாற்காலியில் உட்காரவைத்து இரண்டு இரும்புத் தூண்களுக்கு நடுவில் செருகினேன். அதற்குப் பின்பு செய்ததை அப்புறம் சொல்கிறேன். (கேசரி மட்டும் கொடுக்கவில்லை. அம்மாவுக்கு இன்றுவரை அதுதான் பெரிய குறை.)

வேண்டுமென்று செய்யவில்லை. வேலையில் அவ்வளவு ஆர்வம். இருபத்து மூன்று வயதில் வரும் ஆர்வம் ஒரு வியாதி. வந்தவருக்கு வலிக்காது, பக்கத்தில் இருப்பவருக்குத்தான் வலிக்கும்.

சுனாமி வந்து போய் இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்த சமயம். கடலூர் மாவட்டத்தில் யாராவது தும்மினால்கூட ஏதாவது ஒரு தொண்டு நிறுவனம் கைக்குட்டையோடு வந்து நிற்கும். அப்படி ஒன்று சிதம்பரத்தில் நடத்திய பகல்நேர மையத்தில், சிறப்புக் கல்வி டிப்ளமோ முடித்த கையோடு நான் ஆசிரியையாகச் சேர்ந்தேன். கண் தெரியாதவர்கள், காது கேளாதவர்கள், நடக்க முடியாதவர்கள், எல்லாம் முடிந்தும் ஓரிடத்தில் உட்கார மட்டும் முடியாதவர்கள் என்று ஒரு வேன் நிறைய சின்னப் பிள்ளைகள். எனக்கு வீடு கீரப்பாளையம். காலையில் பஸ் ஏறினால் நெல் வயல் முடிகிற இடத்தில் சிதம்பரம் வந்துவிடும்.

ஒருநாள் மையத்தின் தலைவி, நாங்கள் எல்லோரும் மேடம் என்று கூப்பிடுகிறவர், என்னை அழைத்தார்.

"ஜெசிந்தா, நம்ம புள்ளைங்க எந்தப் பூங்காவுக்குப் போனாலும் வேலிக்கு வெளியதான் நிக்குதுங்க. கடலூர்லயும் சிதம்பரத்துலயும் இருக்குற பூங்காவெல்லாம் போய்ப் பாரு. எதுல யாரு விளையாடலாம், எதுல முடியாது, ஏன் முடியாதுன்னு எழுதிக் குடு."

என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த முதல் அதிகாரம். மறுநாளே அளவெடுக்கும் டேப்பைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். ஒரு பூங்காவில், மாடு நுழையாமல் இருக்க வாசலில் சுழலும் கம்பி வைத்திருந்தார்கள். சக்கர நாற்காலி நுழைய முடியவில்லை. மாடு, பின்பக்கம் இடிந்த சுவர் வழியாக ஏற்கெனவே உள்ளே போய் ஊஞ்சலுக்குக் கீழே படுத்திருந்தது. இன்னொன்றில் சறுக்குமரத்துக்குப் படிக்கட்டு இல்லை. "ஏறத் தெரிஞ்ச புள்ள ஏறும்" என்றார் காவலாளி. வேறொன்றில் சறுக்கி இறங்கும் இடத்தில் நேராகக் குப்பைத்தொட்டி. அதைத் தள்ளி வைக்கலாமே என்று கேட்டேன். "குப்ப எங்க போடுறது?" என்று கேட்டார்கள். நியாயம்தான்.

எதையும் பார்த்து எழுதினால் போதாது, அனுபவித்து எழுத வேண்டும் என்பது என் கொள்கை. அதனால் கைக்குழந்தைகளுக்கான பெட்டி ஊஞ்சலில் நானே உட்கார்ந்து பார்த்தேன். உட்காருவது சுலபமாக இருந்தது. எழுந்திருக்க, அந்தப் பக்கம் வேர்க்கடலை விற்றுக்கொண்டிருந்தவரும் வாக்கிங் வந்த இரண்டு பேரும் தேவைப்பட்டார்கள். "பெரியவர்களுக்கு ஏற்றதல்ல" என்று எழுதிக்கொண்டேன்.

கடைசியில் சிதம்பரத்தில் ஒரு குடியிருப்பு நகரில் சின்னதாக ஒரு பூங்கா அமைந்தது. குடியிருப்போர் சங்கத்துக்காரர்கள் நல்லவர்கள். "மாத்தறதுன்னா மாத்திக்குங்க, செலவு மட்டும் எங்ககிட்ட கேக்காதீங்க" என்றார்கள். செலவுக்கு மேடம் ஆள் பிடித்தார். கடலூரில் ஒரு சமூக சேவை கிளப். (பெயர் வேண்டாம். இன்னும் இருக்கிறார்கள், இன்னும் கோபமாக இருக்கிறார்கள்.) அவர்கள் சார்பாக ஒருவர் வியாழக்கிழமை காலையில் வந்து பார்ப்பார், அவருக்குப் பிடித்தால் பூங்கா முழுக்கச் சீர் செய்து தருவார்கள் என்று பேச்சு.

அந்த வியாழக்கிழமை மேடத்துக்கு விழுப்புரத்தில் கூட்டம். பொறுப்பு என் தலையில். புறப்படும்போது மேடம் சொன்ன வார்த்தைகள் இன்னும் காதில் இருக்கின்றன.

"வர்றவரு சும்மா பேப்பரப் பாத்தா மசிய மாட்டாரு. நம்ம புள்ளைங்க படுற பாட்ட அவரு பட்டுப் பாக்கணும். என்ன செய்வீங்கன்னு வாயத் தொறந்து கேளு. பதில் சொல்லாம விட்டுடாத."

சொன்னதைச் செய்பவள் நான். அதுதான் பிரச்சினை.

இதே வாரத்தில் வீட்டில் இன்னொரு விஷயம் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் தேவாலயப் பங்கைச் சேர்ந்த எலிசா அத்தை கடலூரில் ஒரு வரன் சொல்லியிருந்தார். பையன் பேர் அருள், சிப்காட்டில் ஏதோ கம்பெனியில் வேலை. அப்பா சவரிமுத்து, ஓய்வுபெற்ற போஸ்ட் மாஸ்டர், கொஞ்சம் கொள்கைக்காரர். இவ்வளவுதான் எனக்குத் தெரியும். அந்தக் கொள்கை என்னவென்று யாரும் சொல்லவில்லை. "பொண்ண சீவிச் சிங்காரிச்சு உக்கார வச்சுப் பாத்தா என்ன தெரியும்? வேலை செய்யிற எடத்துல, சொல்லாம கொள்ளாம போய்ப் பாக்கணும். போஸ்டாபீஸ் இன்ஸ்பெக்‌ஷன் மாதிரி." இதுதான் அவர் கொள்கை என்று பிறகுதான் தெரிந்தது. சொல்லாமல் கொள்ளாமல் வருவது கொள்கையாக இருந்ததால், அவர் அதைச் சொல்லவும் இல்லை.

வியாழக்கிழமை காலையில் வேனில் எல்லாப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போகவில்லை. பூங்காவைச் சோதித்துப் பார்க்க இரண்டு பேர் போதும் என்று நஸ்ரினையும் கதிரையும் மட்டும் கூட்டிக்கொண்டேன். நஸ்ரின் பரங்கிப்பேட்டைப் பிள்ளை. ஏழு வயது, பிறவியிலேயே காது கேட்காது. ஆனால் தெருவுக்கு அந்தப் பக்கம் நின்று ஒருவர் "சாக்லேட்" என்று முணுமுணுத்தாலும் உதட்டைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள். கதிருக்கும் ஏழு வயது. கண் தெரியாது. மற்ற எல்லாமே தெரியும். கூடவே மையத்தின் ஆயா, வளர்மதி அக்கா. அக்காவை வாசலில் நிறுத்தி, "கடலூர்லேர்ந்து ஒரு சார் வருவாரு. வந்ததும் நேரா எங்கிட்ட கூட்டிட்டு வந்துடுங்க. அப்புறம் வேற யாரையும் உள்ள விடாதீங்க, பேச்சு கெட்டுடும்" என்று சொல்லிவைத்தேன்.

கொஞ்ச நேரத்தில், மையத்தில் விசாரித்துக்கொண்டு பெரியவர் ஒருவர் வந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, கக்கத்தில் குடை. வளர்மதி அக்காவிடம், "இங்க ஜெசிந்தான்னு ஒரு பொண்ணு வேலை செய்யுதாமே?" என்று கேட்டிருக்கிறார்.

"கடலூர் சாருங்களா?"

"ஆமா."

"வாங்க வாங்க! உங்களுக்காகத்தான் காலையிலேர்ந்து நின்னுக்கினு இருக்கறோம்!"

பெரியவரின் முகத்தில் ஒரு ஏமாற்றம் தெரிந்தது. சொல்லாமல் வந்தது வெளியே தெரிந்துவிட்டதே என்ற ஏமாற்றம் என்று இப்போது புரிகிறது. அப்போது, வெயில் என்று நினைத்தேன்.

"நான் வர்றது முன்னாடியே தெரியுமாம்மா?" என்று என்னிடம் கேட்டார்.

"தெரியும் சார். பூங்காவப் பெருக்கி, தண்ணி தெளிச்சு, ரெண்டு நாளா இதே வேலைதான்."

"எதுக்கும்மா இதெல்லாம்? நான் சும்மா பாத்துட்டுப் போலாம்னுதான் வந்தேன்."

"அப்படிச் சொல்லாதீங்க சார். நீங்க சரின்னு சொன்னாத்தான் எங்களுக்கு வாழ்வே. நல்லாப் பாருங்க. குறை இருந்தா மூஞ்சிக்கு நேரா சொல்லிடுங்க. மறைச்சுப் பேசுறது எங்களுக்குப் புடிக்காது."

பெரியவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நல்ல பொண்ணும்மா நீ" என்றார்.

அந்தப் பூங்காவில் ஒவ்வொரு கம்பியின் உயரத்தையும் அளந்து வைத்திருந்தேன். வந்தவரின் பெயரை மட்டும் கேட்கவில்லை.

முதலில் வாசல். மையத்திலிருந்து கொண்டுபோன சக்கர நாற்காலியைக் காட்டி, "உக்காருங்க சார்" என்றேன்.

"எனக்குக் கால் நல்லாத்தாம்மா இருக்குது."

"அதுக்குத்தான் சார் உக்காரச் சொல்றேன்."

உட்கார்ந்தார். ஏன் உட்கார்ந்தார் என்று பல வருஷம் கழித்து அவரே சொன்னார். சம்பந்தி வீட்டுப் பெண் உட்காரச் சொல்லி மறுத்தால், திமிர் பிடித்த மாப்பிள்ளை வீடு என்று பெயர் வந்துவிடுமாம். நான் நாற்காலியைத் தள்ளினேன். வாசலின் இரண்டு தூண்களுக்கு நடுவில் அது கச்சிதமாக மாட்டிக்கொண்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. காலை நேரம். பால் வாங்கப் போகிறவர்கள், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள், எல்லோரும் நின்று பார்த்தார்கள். பெரியவர் எழுந்திருக்கப் பார்த்தார்.

"எழுந்திரிக்காதீங்க சார்! எழுந்திரிக்க முடியாதவுங்க என்ன பண்ணுவாங்க?"

"என்ன பண்ணுவாங்க?"

"இப்படியே உக்காந்திருப்பாங்க."

அப்படியே உட்கார்ந்திருந்தார். மனசில் படும்வரை விடக் கூடாது என்று கொஞ்ச நேரம் விட்டுவைத்தேன். படித்த டிப்ளமோ வீண் போகக் கூடாது இல்லையா? (இந்த இடத்தில் கதை கேட்பவர்கள் எல்லோரும் என் மாமியார் முகத்தைப் பார்ப்பார்கள். ஆமாம், மாமியார்தான். சொல்லிவிட்டேன். எப்படி என்பதுதான் மிச்சக் கதை.)

நாற்காலியை இழுத்து எடுத்துவிட்டு, அடுத்து சறுக்குமரம். என் துப்பட்டாவால் அவர் கண்ணைக் கட்டினேன். கதிரைக் கூப்பிட்டுக் கையைப் பிடித்துக் கொடுத்தேன்.

"ஏம்மா, இதெல்லாம் எல்லாருக்கும் செய்யிறதா?"

"இல்ல சார். உங்களுக்கு மட்டும்தான்."

அதை அவர் மரியாதை என்று எடுத்துக்கொண்டார்.

கதிர் அவரை ஏணிக்குக் கூட்டிப்போனான். பெரியவர் ஒவ்வொரு படிக்கும் "மாதாவே" என்றார். "பயப்படாதீங்க தாத்தா" என்றான் கதிர். "நான் கண்ணக் கட்டாமலே இப்படித்தான வர்றேன்." உச்சிக்குப் போனதும், இறங்க இன்னும் நாலு படி இருக்கிறது, காலை நீட்டி உட்காருங்கள் என்று சொல்லி, உட்கார்ந்ததும் பின்னாலிருந்து ஒரு தள்ளு தள்ளிவிட்டான். நான் அப்படித் தள்ளச் சொல்லவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன். கீழே மணல் இருக்க வேண்டிய இடத்தில் கட்டாந்தரை. பெரியவர் வந்து இறங்கிய சத்தம் வாசல்வரை கேட்டது. கண்கட்டை அவிழ்த்ததும் முதலில் அவர் கேட்டது, "என் செருப்பு எங்க?" அது இன்னும் மேலேயே இருந்தது.

அவரைச் சிமெண்ட் பெஞ்சில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். இடுப்பைப் பிடித்துக்கொண்டு குடித்தார். மேடம் சொன்ன தருணம் இதுதான் என்று எனக்குத் தோன்றியது. ஆள் களைத்திருக்கிறார். கேட்டுவிட வேண்டும்.

"சார், நேரா விஷயத்துக்கு வர்றேன். நீங்க என்ன செய்வீங்க?"

பெரியவர் தம்ளரைக் கீழே வைத்தார். "நாங்க எதும் எதிர்பாக்கறதில்லம்மா. இருக்குறதே போதும். பொண்ணு நல்ல குணமா இருந்தா…"

"நீங்க எதிர்பாக்கறது இருக்கட்டும் சார். நீங்க என்ன தருவீங்க?"

பெரியவர் இடுப்பைத் தடவிக்கொண்டார். பிறகு மெதுவாக, "என்னம்மா வேணும்?" என்றார்.

"மொதல்ல வாசல்ல ஒரு ஸ்லோப். படி கூடாது. ரெண்டாவது, மணல். நல்ல ஆத்து மணலா, முழங்கால் ஆழத்துக்கு."

"மணலா?"

"விழுந்தா அடிபடக் கூடாது இல்ல?"

"யாரும்மா விழப் போறது?"

"எப்படியும் விழுவாங்க சார். நீங்களே இப்ப விழுந்தீங்களே. மூணாவது, டாய்லெட். கதவு நல்லா அகலமா இருக்கணும், உள்ள ரெண்டு பக்கமும் புடிச்சுக்கக் கம்பி வேணும். இது இல்லாம நாங்க ஒத்துக்கவே மாட்டோம்."

"வீட்டுல ஏற்கெனவே ஒண்ணு இருக்குதும்மா."

"வீட்டுல இருக்குறது வேற சார். இது எல்லாரும் வந்து போற எடம்."

"எல்லாரும்னா… ஜாஸ்தி பேர் வருவாங்களா?"

"தினமும் ஒரு வேன் வரும்."

பெரியவர் வானத்தைப் பார்த்தார். தன் மகனின் எதிர்காலத்தைப் பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன். நான் விடவில்லை. "வாய்வார்த்தையா ஒரு பதில் சொல்லிடுங்க சார்" என்றேன்.

"சரிம்மா" என்றார். "பண்ணிடலாம்."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவருக்கும் வந்திருந்தது. காரணம் வேறாக இருக்கலாம்.

அத்தோடு நிறுத்தியிருந்தால் இது ஒரு சாதாரணக் கதை. ஆனால் பூங்காவில் ஒரு நல்ல விஷயத்தையாவது காட்டாமல் அனுப்பக் கூடாது என்று நினைத்தேன். அங்கே இருந்ததிலேயே உருப்படியானது ஒரு ராட்டினம். தரையோடு தரையாக இரும்புத் தட்டு, சுற்றிலும் கைப்பிடி. நடக்க முடியாத பிள்ளை உட்காரலாம், மற்ற பிள்ளைகள் வெளியே நின்று தள்ளலாம். எல்லோரும் சேர்ந்து விளையாட ஏற்ற ஒரே சாதனம் என்று என் அறிக்கையில் அடிக்கோடிட்டு எழுதியிருந்தேன்.

"இது ஒண்ணு மட்டும் சார்."

"இதுல கண்ணு கட்டணுமா?"

"வேணாம் சார்."

நிம்மதியாக ஏறி உட்கார்ந்தார். விளக்கம் சொல்ல வசதியாக நானும் எதிரில் ஏறி உட்கார்ந்தேன். என் வாழ்க்கையின் மிகப் பெரிய தொழில்நுட்பத் தவறு அது. தள்ளுவதற்கு நஸ்ரினும் கதிரும் நின்றார்கள்.

மெதுவாகத்தான் ஆரம்பித்தது. நான் பேசிக்கொண்டிருந்தேன். இரண்டு மூன்று சுற்றில் வேகம் கூடியது. பெரியவர் குடையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "போதும் கதிரு, நிறுத்து" என்றேன். கதிர், நான் இருக்கும் திசை தெரியாதவன்போல எதிர்ப்பக்கம் திரும்பி, "என்ன மிஸ்?" என்று கேட்டுக்கொண்டே தள்ளினான். நஸ்ரினைப் பார்த்துக் கையால் நிறுத்து என்று சைகை காட்டக் கையை எடுத்தேன். கையை எடுத்ததும் உடம்பு வெளியே போகப் பார்த்ததால் திரும்பவும் பிடித்துக்கொண்டேன். அவள் நான் உற்சாகமாகக் கையாட்டியதாக எடுத்துக்கொண்டு, பதிலுக்குக் கையாட்டிவிட்டு இன்னும் ஓடினாள்.

சுற்றும்போது ஒவ்வொரு முறையும் வாசல் ஒரு கணம் கண்ணில் பட்டு மறைந்தது. ஒரு சுற்றில் வாசலில் சஃபாரி உடை போட்ட ஒருவர் வளர்மதி அக்காவிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். அடுத்த சுற்றில் அக்கா முடியாது என்று தலையாட்டிக்கொண்டிருந்தார். அதற்கடுத்த சுற்றில் சஃபாரிக்காரர் கையில் ஒரு அட்டையை எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தார். அதற்கடுத்த சுற்றில் அக்கா அவரிடம் எங்களைக் கைகாட்டினார். அவர் எங்களைப் பார்த்தார். நாங்களும் அவரைப் பார்த்தோம், முடிந்தவரை. அப்புறம் வந்த சுற்றில் அவர் இல்லை. ஒரு காரின் பின்பக்கம் மட்டும் இருந்தது.

வளர்மதி அக்கா வாயில் கையைக் குவித்துக் கத்தினார். "ஜெசி! யாரோ கடலூர் கிளப்புலேர்ந்து வந்தேன்னு ஒரு ஆளு! கடலூர் சாரு உள்ள இருக்காரு, நீங்க போயிட்டு இன்னொரு நாளைக்கு வாங்கன்னு அனுப்பிட்டேன்!"

ராட்டினம் சுற்றிக்கொண்டிருந்தது. ஆனால் எனக்குள் ஏதோ நின்றுவிட்டது.

"சார்… நீங்க கிளப் இல்லையா?"

"எந்தக் கிளப்பும்மா? நான் சீட்டுகூட ஆடுறதில்ல!"

"அப்ப நீங்க யாரு?"

"பையனோட அப்பா!"

"எந்தப் பையன்?"

"உனக்குப் பாத்திருக்கிற பையன்! எம் பேரு சவரிமுத்து!"

பெயர் தெரிந்துவிட்டது. ஒரு மணி நேரம் தாமதம், அவ்வளவுதான்.

அந்த வேகத்தில் ஒரு பெண் தன் வருங்கால மாமனாருக்கு எப்படி மரியாதை காட்டுவது என்று எனக்கு எந்த டிப்ளமோவிலும் சொல்லித்தரவில்லை. "ஸ்தோத்திரம் மாமா" என்றேன். அவர், "ஸ்தோத்திரம்… நிறுத்தச் சொல்லும்மா" என்றார்.

வளர்மதி அக்கா ஓடிவந்து ராட்டினத்தைப் பிடித்து நிறுத்தினார். பெரியவர் இறங்கினார். வாசல் கிழக்கே இருந்தது. அவர் மேற்கே நடந்தார். அங்கே இருந்த செம்பருத்திச் செடியின் பக்கம் குனிந்தார். அதன் பிறகு நடந்ததை விவரிப்பது குடும்பத்துக்கு அழகில்லை. காலையில் கடலூரில் சாப்பிட்டது இட்லி என்பது மட்டும் தெரிந்தது.

நான் நஸ்ரினைப் பார்த்து, நிறுத்து என்று கத்தினேனே என்று சைகை செய்தேன். அவள் தன் காதைத் தொட்டு, கேட்கவில்லை என்று உதட்டைப் பிதுக்கினாள். கதிர், "எனக்குத் தெரியல மிஸ்" என்றான். காது கேட்காது, கண் தெரியாது என்று தங்களை யாரும் ஒதுக்கவே கூடாது என்று ஒரு வருஷமாகச் சண்டை போடும் பிள்ளைகள் இரண்டு பேரும். தாத்தாவைக் கைத்தாங்கலாக ஆட்டோவுக்குக் கூட்டிப்போனபோது பின்னால் அவர்கள் சிரித்த சத்தம் எனக்கு நன்றாகக் கேட்டது.

ஆட்டோவில் ஏறும்போது மன்னிப்புக் கேட்கலாம் என்று, "மாமா, நான் உங்கள வேற ஆளுன்னு…" என்று ஆரம்பித்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கையை உயர்த்தினார். ஆசீர்வாதமா, போதும் என்பதா என்று தெரியவில்லை. ஆட்டோ போய்விட்டது. துப்பட்டா அவர் கழுத்திலேயே போய்விட்டது.

சாயங்காலம் மேடம் வந்தார். கிளப்காரர் போனில் பேசியிருந்தார். "பூங்காவுல ஒரு பொண்ணும் ஒரு கிழவரும் ராட்டினம் ஆடிக்கிட்டு இருந்தாங்க, என்னை உள்ள விடல" என்று சொல்லியிருக்கிறார். அவர் பார்த்ததில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. அந்தக் கிளப் தன் உதவியை வேறு எங்கோ கொண்டுபோய்விட்டது. மேடம் என்னைத் திட்டவில்லை. "பேரு கேட்டிருக்கலாம் ஜெசிந்தா" என்று மட்டும் சொன்னார். திட்டியிருக்கலாம். பூங்கா போனது எனக்கு உண்மையாகவே வலித்தது. மறுநாள் பிள்ளைகள் வேனில் அதே பூங்காவைத் தாண்டிப் போகும்போது, நான் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை.

வீட்டில் அம்மா, எலிசா அத்தை வழியாக விஷயம் தெரிந்து, சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"கண்ணக் கட்டுனியா?"

"ஆமா."

"சுத்த விட்டியா?"

"நான் விடல. புள்ளைங்க விட்டாங்க."

அப்பா செய்தித்தாளை இறக்காமலே கேட்டார். "எந்தப் பக்கமா சுத்துனீங்க?"

"ஏங்க!" என்றார் அம்மா. அன்று அந்தோணியார் கோயிலில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தார். வரன் போய்விட்டது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. எனக்கு அழுகைகூட வரவில்லை. ஒரே நாளில் ஒரு பூங்காவையும் ஒரு மாப்பிள்ளையையும் இழந்தவளுக்கு எதற்கு முதலில் அழுவது என்று தெரியாது.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வந்தால், எங்கள் வீட்டு வாசலில் கடலூர்க் கார். சவரிமுத்து மாமா, அவர் மனைவி, பின்னால் உயரமாக ஒரு ஆள். மாமா கையில் என் துப்பட்டா, துவைத்து இஸ்திரி போட்டு மடித்திருந்தது. அம்மா அவசரமாகக் கேசரி கிண்டினார். மாமா தட்டைத் தொடவில்லை. "கோச்சுக்காதீங்க. வயித்துல சுத்துறது இன்னும் நிக்கல" என்றார்.

அவர் மனைவி என்னை முறைத்துக்கொண்டே இருந்தார். மாமாதான் பேசினார். "நான் இதுவரைக்கும் நாலு எடம் போய்ப் பாத்தேங்க. எல்லாப் பொண்ணும் தலையக் குனிஞ்சுக்கிட்டு நின்னுச்சு. இந்தப் பொண்ணு ஒண்ணுதான், நீங்க என்ன தருவீங்கன்னு எங்கிட்ட கேட்டுச்சு. தனக்கா கேக்கல, யாருக்கோ கேட்டுருக்குதுன்னு அருளு அப்புறம் வெசாரிச்சுட்டு வந்து சொன்னான். அப்பத்தான் எனக்கு முடிவாச்சு."

அந்த உயரமான ஆள்தான் அருள். தனியாகப் பேச வேண்டும் என்று தோட்டத்துக்கு அனுப்பினார்கள். அருள் முருங்கை மரத்தைப் பார்த்துக்கொண்டே ஆரம்பித்தார்.

"ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க."

"எங்கப்பாவ இன்னொரு தடவ அதுல உக்கார வைக்க முடியுமா? நான் பாக்கல."

அந்த இடத்தில் நான் சரி என்று முடிவு செய்தேன்.

மூன்று ஞாயிறு கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்து, கல்யாணம் கடலூரில் நடந்தது. அன்று சாயங்காலம் மாமனார் வீட்டு வாசலில் காரிலிருந்து இறங்கி நின்றேன். படிக்கட்டைக் காணோம். புது சிமெண்டில் ஒரு சரிவுப்பாதை. பக்கத்துக் காலி இடத்தில் முழங்கால் ஆழத்துக்கு ஆற்று மணல், சுற்றிலும் செங்கல் வரப்பு. பின்கட்டில் புதிதாக ஒரு டாய்லெட். எருமை நுழையும் அகலத்தில் கதவு. இரண்டு பக்கமும் பளபளவென்று கம்பி.

"மாமா… நான் இத…"

"தெரியும்மா. பூங்காவுக்குத்தான் கேட்ட. ஆனா கேட்டது எங்கிட்ட. பண்ணிடலாம்னு சொன்னது நானு." குடையைக் கக்கத்தில் மாற்றிக்கொண்டார். "பூங்கா எங்கையில இல்ல. வீடு இருந்துச்சு."

மாமியார் உள்ளேயிருந்து ஆரத்தித் தட்டோடு வந்தார். "எல்லா வீட்டுலயும் மருமவ சீர் கொண்டாருவா. எங்க வீட்டுல டாய்லெட் வாங்கிக்கிட்டு வந்தா" என்று, பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டுத்தான் சுற்றினார்.

அந்தக் கோடை விடுமுறையில் மேடம் ஒரு வேன் நிறையப் பிள்ளைகளைக் கடலூருக்கு அனுப்பினார். தெருப் பிள்ளைகளும் வந்து சேர்ந்துகொண்டார்கள். நஸ்ரின் மணலில் யாரையும் விடாமல் தோண்டினாள். கதிர் டாய்லெட் கதவைக் கை விரித்து அளந்து பார்த்துவிட்டு, "பரவால்ல" என்றான். பிறகு, "தாத்தா, ராட்டினம் எங்க?" என்று கேட்டான். மாமா எழுந்து உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டார்.

நான் மையத்தில் வேலை பார்த்தவரைக்கும் அந்தச் சிதம்பரம் பூங்காவில் எதுவும் மாறவில்லை. எங்கள் வீட்டில் எல்லாம் இருந்தது. ஒவ்வொரு கோடைக்கும் வேன் வந்தது. மாமியார் ஒவ்வொரு முறையும் மணலைத் திட்டிக்கொண்டே கூட்டினார், பிள்ளைகள் வராத வருஷம் ஏன் வரவில்லை என்று போன் போட்டுக் கேட்டதும் அவர்தான்.

மாமாவுக்கு இப்போது வயதாகிவிட்டது. சொந்தத்தில் யாருக்காவது பெண் பார்க்கப் போவதென்றால், பெரியவர் என்ற முறையில் அவரைத்தான் முதலில் கூப்பிட வேண்டும். கூப்பிடுவார்கள். ஆனால் காரில் ஏறுவதற்கு முன்னால் அவருடைய மச்சான் ஒருவர் தவறாமல் சத்தம் போட்டுச் சொல்லுவார்:

"மாமாவ நடுவுல உக்கார வையுங்கடா. பொண்ணு வீட்டுல எது கேட்டாலும் நாம பதில் சொல்லிக்கலாம். இவர விட்டா, வீட்டையே இடிச்சுக் கட்டித் தர்றேன்னு ஒத்துக்கினு வந்துடுவாரு!"

மாமா குடையை எடுத்துக்கொண்டு, நடுவில் போய் உட்கார்ந்துகொள்வார்.